அலமாரிக்குள் நாற்பது நிமிடம்

மூன்று முறை தட்டியது. நின்றது. மறுபடியும் மூன்று.

கூரைத் தகரமாக இருக்கும் என்றுதான் குட்சாய் முதலில் நினைத்தான். மொசாம்பிக் எல்லையோரத்து முட்டாரேயில் மலையிலிருந்து தூறல்பனி இறங்கிவிட்டால் நாலு நாளைக்கு விலகாது. எதிர்வீட்டுச் சுவர் பகலிலேயே காணாமல் போகும், காயப்போட்ட சட்டைகளில் ஈரக் கம்பளி வாடை ஏறும், குளிரில் சுருங்கும் தகரம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொடுக்கிக்கொண்டே இருக்கும். ஆனால் தகரத்துக்கு எண்ணத் தெரியாது. இது எண்ணித் தட்டியது. மூன்று. பிறகு ஒரு மூச்சு இழுக்கும் நேரம் அமைதி. பிறகு மூன்று.

சத்தம் மேசைமேல் இருந்த கறுப்புப் பெட்டியிலிருந்து வந்தது. மனைவி செகாயின் ஹார்ட் டிஸ்க். உள்ளங்கை அகலம். தன்னுடையது என்று அடையாளத்துக்கு அவள் மூலையில் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு இன்னும் உரியவில்லை.

வயரைப் பிடுங்கினான். சொருகினான். தட்டியது. பிடுங்கினான். சொருகினான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் பதினொரு தடவை அப்படிச் செய்தான். ஏழாவது தடவை கம்ப்யூட்டர் திரையில் அவள் பதிவுகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. எட்டாவது தடவை பாதிதான் வந்தன. பதினொன்றாவது தடவை ஒன்றே ஒன்று. 'குட்சாய்க்கு. நாற்பது நிமிடம்.' அதைத் தொடுவதற்குள் திரை வெறுமையானது.

செகாய் வானொலிக்குக் குழந்தைக் கதைகள் பதிவு செய்து கொடுத்தவள். முயல் பபூன் குரங்கை ஏமாற்றும் கதைகள். வேன்களின் ஹாரனும் பக்கத்து வீட்டு நாயும் தகரத்தின் சொடுக்கும் பதிவில் விழுந்துவிடக் கூடாது என்று, படுக்கையறை அலமாரிக்குள் கம்பளிகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, தலையணை போட்டு உட்கார்ந்து, கதவை உள்ளேயிருந்து இழுத்துச் சாத்திக்கொண்டு பேசுவாள். வெளியே வரும்போது கழுத்தெல்லாம் வியர்த்திருக்கும். "உள்ள ஒரே பபூன் வாடை," என்பாள். "பபூனே வெளியே வந்துடுச்சே," என்பான் அவன்.

பிறகு நுரையீரல் போயிற்று. டாக்டர் அம்மா அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பேச வைக்காதீர்கள். பேசப் பேசத் தேய்ந்துபோகும். நீங்கள் முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

அவன் படித்தவன். பள்ளியில் புவியியல் ஆசிரியர். நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவளிடம், எனக்காக ஒரே ஒரு பதிவு செய்து கொடு என்று கேட்டான்.

"கொஞ்சம் சும்மா இரேன், குட்சாய்," என்றாள் அவள். பிறகு மைக்கை எடுத்துக்கொண்டு அலமாரிக்குள் போனாள். அவன் கட்டிலில் முழங்கால்களுக்கு நடுவில் கைகளைச் செருகி உட்கார்ந்திருந்தான். கம்பளியும் மரமும் தாண்டி வார்த்தைகள் வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. மூன்று சின்ன மூச்சு. ஓர் இழுப்பு. மூன்று சின்ன மூச்சு. நாற்பது நிமிடம்.

பதினாறு நாளில் செத்துப்போனாள்.

அந்தப் பதிவை அவன் கேட்கவே இல்லை. கேட்டுவிட்டால் அவளிடமிருந்து புதிதாக வருவதற்கு ஒன்றும் இருக்காது. பிரதியும் எடுக்கவில்லை. எடுக்க உட்கார்ந்தால் கேட்டுவிடுவான். பதினொரு மாதம் அப்படியே ஓடியது. இன்று காலை எழுந்தபோது அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தான். நினைவுக்கு வரவில்லை. முகம் வந்தது, வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

அதனால்தான் பெட்டியை வெளியே எடுத்தான்.

*

டிக்சனின் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஈய வாடை. திறந்து கிடக்கும் கம்ப்யூட்டர்கள். டிக்சன் எல்லோரையும் குலப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். குட்சாயின் குலம் ஷும்பா, சிங்கம்.

"வா ஷும்பா. என்ன, சிங்கம் நனைஞ்ச பூனையாட்டம் நிக்குது?"

குட்சாய் பெட்டியை வைத்தான்.

"கத்துதா, தட்டுதா?"

"தட்டுது. மூணு மூணா."

டிக்சனின் சிரிப்பு நின்றது. "எத்தனை தடவை போட்டுப் பாத்தே?"

"ரெண்டு."

"எல்லாரும் ரெண்டுதான். எத்தனை பீர்னு போலீஸ்காரன் கேட்டாலும் ரெண்டு. இங்க பாரு." மேசைக்கு அடியிலிருந்து மூடி கழற்றிய பழைய டிஸ்க் ஒன்றை எடுத்தான். உள்ளே கண்ணாடி போல ஒரு தட்டு. "இதுக்கு மேல ஒரு ஊசி பறக்கும். தொடவே தொடாது. உன்னுது இப்ப தொடுது. நீ ஒவ்வொரு தடவை போடும்போதும் இதுல ஏர் ஓட்டறே."

தட்டில் வட்டம் வட்டமாகக் கோடுகள் விழுந்திருந்தன. ஓரத்தில் நுண்ணிய சாம்பல் நிறத் தூள்.

"இந்தத் தூளு என்னன்னு நினைக்கறே? யாரோ ஒரு மவராசனோட கல்யாண போட்டோ. எடுத்துத் தாங்கன்னு வந்தான். முப்பது தடவை போட்டுப் பாத்துட்டு வந்தான். நான் என்ன, ஒட்டியா தர முடியும்?"

"அப்ப முதல்ல என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. அதான் முதல் வேலை. பிடுங்கு, வை, கையைக் கட்டிக்கிட்டு உக்காரு. எவனாலயும் முடியறதில்ல." டிக்சன் பெட்டியைத் திருப்பினான். "வெள்ளிக்கிழமை ஜோஹனஸ்பர்க் பஸ்ஸு. அங்க தூசியே இல்லாத அறையில வெச்சுத் திறப்பாங்க. ரெண்டே தடவைன்னா கண்டிப்பா எடுத்துடலாம். இன்னும் நாலு தடவை போட்டேன்னு வை, அப்புறம் சர்ச்சுக்குத்தான் போகணும்."

வயர் சொருகும் இடத்தில் ஊதினான். வெள்ளையாகப் பறந்தது. விரலில் தொட்டு முகர்ந்தான்.

"யோவ். இது மாவுய்யா. சாட்சாக் களி கிண்டற மாவு! டிஸ்க்கைப் பொரட்டிப் பொரிக்கலாம்னு பாத்தியா?"

டிக்சன் பெட்டியின் ஓரத்தைக் காட்டினான்.

"இந்தா, பொட்டு மாதிரி ஒரு துளை இருக்குல்ல? இது வழியாத்தான் பெட்டி மூச்சு விடும். மாவு அடைச்சுக் கிடக்கு. ஈரம் வேற. மூச்சு முட்டிச் செத்திருக்கு. எத்தனை நாளு மாவுல கிடந்துச்சு?"

"மூணு நாள்."

இதுவும் பொய்.

மனைவி இறந்தால் அவளுடைய பொருள்கள் அவள் பிறந்த வீட்டுக்குப் போகும். உடை, போர்வை, சட்டி, கரண்டி, எல்லாம். புருஷன் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. செகாயின் ஆட்கள் வந்து பாய் விரித்து, எல்லாவற்றையும் குவித்துத் தண்ணீர் தெளித்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். அலமாரியில் ஆணியடித்திருந்த கம்பளிகளைக்கூடக் கழற்றினார்கள். அவளுடைய அத்தை வெறும் அறையில் நின்று மூன்று தடவை கேட்டாள்.

"மாப்பிள்ளை, அவளோடது வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல, அத்தை."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. ஒண்ணு இங்க தங்கினாலும் அவளுக்கு அங்க போய் உக்கார இடம் கிடைக்காது. நடுவுலயே நிப்பா. இருக்கா?"

"இல்ல."

"இருக்கா?"

"இல்ல."

சமையலறையில் பாதி தீர்ந்த மாவுப் பை இருந்தது. அதன் அடியில் பெட்டி இருந்தது. மாவு அவளுடைய பொருளில் சேராது என்பதால் அதை யாரும் கேட்கவில்லை. சமைப்பதை விட்டுவிட்ட அவனும் அதைத் தொடவில்லை. பதினொரு மாதத்தில் மாவில் வண்டு விழுந்து புளித்துவிட்டது.

"இங்கயே விட்டுட்டுப் போ," என்றான் டிக்சன். "பூட்டி வெக்கறேன். வீட்டுல வெச்சா உன் கை சும்மா இருக்காது."

"இருக்கும்."

"ஷும்பா. சொல்றதைக் கேளு."

குட்சாய் பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வேன் ஏறினான். வயிற்றில் அது குளிர்ச்சியாகப் பட்டது. பாதி வழியில் வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு, என்று நினைத்தான்.

போன் அடித்தது. லவ்னெஸ், செகாயின் தங்கை. அக்காள் புருஷனைப் புருஷா என்று கூப்பிட்டுக் கேலி செய்வது அவர்கள் வழக்கம். அக்காள் போன பிறகும் அவள் விடவில்லை.

"என்ன புருஷா, இன்னைக்காவது தின்னியா? ஒல்லியாகி ஒல்லியாகி ஒரு நாள் காத்துல மொசாம்பிக் போயிடப் போறே. பாஸ்போர்ட் கூட இல்லாம."

"தின்னேன்."

"பொய். கேளு, அத்தை பேசச் சொன்னா. திட்டாதே. அக்காவோடது ஏதாவது வெச்சிருக்கியா?"

"ஏன்?"

"அத்தைக்கு மூணு நாளா ஒரே கனவு. அக்கா வந்து நிக்கறாளாம். என்ன வேணும்டின்னு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாளாம்." லவ்னெஸ் குரலைத் தாழ்த்தினாள். "வாய் நிறைய மாவாம்."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

"குட்சாய்? இருக்கியா?"

"என்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றான்.

*

வீட்டில் மின்சாரம் இல்லை. மணி இரண்டு. ஜன்னலுக்கு வெளியே பனி பால்போல நின்றது. அறையில் அரை வெளிச்சம். பெட்டியை மேசைமேல் வைத்தான். வயரைத் தனியே சுருட்டி இழுப்பறையில் போட்டு மூடினான். கட்டிலில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான்.

செவ்வாய். புதன். வியாழன். மூன்று நாள்தான்.

சுவருக்கு அப்பால் எங்கோ விறகு புகைந்தது. ஈரப் புகை, ஈரத் துணி வாடைகளுக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல எழுந்தது. புளித்த மாவின் வாடை. சமையலறையிலிருந்து வருகிறது என்று எழுந்து போய்ப் பார்த்தான். பையைக் காலையிலேயே தெருக்கோடித் தொட்டியில் கொட்டிவிட்டான் என்பது அங்கே போன பிறகுதான் ஞாபகம் வந்தது. திரும்பி வந்தான். வாடை படுக்கையறையில்தான் இருந்தது.

தட்டியது. மூன்று.

மேசைக்குப் போய்ப் பெட்டியில் காதை வைத்தான். சத்தமில்லை. ஆனால் சூடாக இருந்தது. இப்போதுதான் கழற்றியதுபோல. வயர் இழுப்பறையில் சுருண்டு கிடந்தது.

மறுபடி தட்டியது. அவன் முதுகுக்குப் பின்னால். அலமாரியில்.

பதினொரு மாதமாக அவன் அதைத் திறக்கவில்லை. உள்ளே வைப்பதற்கு ஒன்றும் இல்லை. போய்க் கைப்பிடியைப் பிடித்துத் திறந்தான். வெற்று மரம். கம்பளி தொங்கிய ஆணிகள். கம்பியில் நாலு ஹேங்கர்கள், அசையாமல். தரையில் மட்டும், அவள் உட்காரும் இடத்தில், வெள்ளையாகத் தெரிந்த ஒரு பிடி தூள்.

விரலால் தொட்டான். மாவு இல்லை. மாவைவிட நுண்ணியது. சாம்பல் நிறம்.

கதவைச் சாத்தினான்.

மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது. விளக்கு எரிந்தது. மேசைக்கடியில் கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. மின்சாரம் வந்தால் உடனே எழும்படி செகாய்தான் அமைத்து வைத்திருந்தாள். ஒரு நாளில் கிடைக்கும் நாலு மணி நேரத்தில் ஒரு நிமிடம் வீணாகக் கூடாது அவளுக்கு. விசிறி சுழன்றது. திரை நீலமானது.

ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் முதல் வேலை.

இழுப்பறையைத் திறந்தான். வயரை எடுத்தான். ஒரே ஒரு தடவை. அவள் குரல் எப்படி இருக்கும் என்று மட்டும். ஒரு வார்த்தை போதும்.

சொருகினான். பன்னிரண்டு.

தட்டியது. தட்டியது. தட்டியது. உள்ளே ஏதோ வழுக்கிச் சுழன்றது. திரையில் ஒரு பெயர் வந்தது. 'குட்சாய்க்கு.' அழுத்தினான்.

மூச்சு. மூன்று சின்ன மூச்சு. ஓர் இழுப்பு.

"குட்சாய்," என்றாள் செகாய்.

அவ்வளவுதான். திரை வெறுமையானது. ஆனால் குரல் வந்துவிட்டது. அடித்தொண்டையில் சிறு கரகரப்பு. பெயரின் கடைசியில் லேசாக ஏறும் தொனி. எப்படி மறந்தான்? அவன் அழுதான் என்பது கன்னம் ஈரமான பிறகுதான் தெரிந்தது. நிறுத்திக்கொள்ளலாம். இது போதும் என்றுதானே சொன்னான்.

பதின்மூன்று.

"குட்சாய். நான் சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். நீ..."

தட்டியது. மேசைமேல் இருந்த பெட்டியில் அல்ல. ஒலிபெருக்கிக்குள். பதிவுக்குள். மூன்று தட்டல்கள்.

அவள் நிறுத்தினாள்.

"யாரது?" என்றாள். "கதவை யாரு தட்டறது?"

திரை அணைந்தது.

பதிவு செய்த அன்று அவன் தட்டவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. கைகள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தன. அன்று வீட்டில் வேறு யாரும் இல்லை. நாயும் குரைக்கவில்லை. அவன் வயரைப் பார்த்தான். கை வயரில்தான் இருந்தது. பிடுங்கியது. சொருகியது.

பதினான்கு.

"நீயா?" அவள் குரல் நெருக்கமாக இருந்தது. மைக்கை வாயோடு வைத்தது போல. "குட்சாய், தட்டாதே. ஒவ்வொரு தட்டலுக்கும் எரியுது. உரசுது. வலிக்குது. நான் சொல்லி முடிச்சிடறேன், கொஞ்சம் சும்மா இரு. நான் சொல்ல வேண்டியது ஒண்ணே..."

மின்சாரம் போயிற்று.

விளக்கு. விசிறி. திரை. எல்லாம் ஒரே நொடியில். அறையில் பனியின் வெளிச்சம் மட்டும்.

"...ஒண்ணுதான்," என்றாள் செகாய்.

அவன் அசையவில்லை.

"சும்மா இரு. அவ்வளவுதான் கேட்டேன். அப்பவும் அதைத்தான் கேட்டேன்."

குரல் ஒலிபெருக்கியிலிருந்து வரவில்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தது. கம்பளி அமுக்கிய குரல். மூன்று சின்ன மூச்சு. ஓர் இழுப்பு.

எழுந்தான். ஓர் அடி. கைப்பிடி சில்லென்றிருந்தது. இழுத்தான்.

உள்ளே இருட்டு. ஆணிகளில் கம்பளிகள் தொங்கின. அத்தையின் ஆட்கள் கழற்றிக்கொண்டு போன அதே கம்பளிகள். புளித்த வாடை முகத்தில் அடித்தது. தலையணை. அதன்மேல் முழங்கால்கள். மடியில் இரண்டு கைகள். அதற்குமேல் தெரியவில்லை.

"செகாய்," என்றான்.

அவள் தலையைத் தூக்கினாள்.

மின்சாரம் வந்தது.

விளக்கு நேராக அவள்மேல் விழுந்தது. முகத்தில் கோடுகள். வட்டமான கோடுகள். நெற்றியில் தொடங்கி, கண்களின் வழியாக, மூக்கின் வழியாக, கன்னத்தைச் சுற்றி. ஊசியால் கீறியது போல. ஒன்றுக்குள் ஒன்று. கோடு போன இடத்தில் தோல் இல்லை, தசை இல்லை, வெறும் பளபளப்பு. கண்ணாடி போல. அதில் அவன் முகம் தெரிந்தது. கோடுகளின் ஓரத்திலிருந்து தூள் உதிர்ந்து அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

எண்ணினான். பதினான்கு.

கண்கள் இல்லை. புருவம் இல்லை. மிச்சமிருந்தது வாய் மட்டும்தான்.

வாய் திறந்தது. உள்ளே வெள்ளையாக இருந்தது.

"நான் சொல்ல வேண்டியது," என்றாள்.

பின்னால் விசிறி சுழலத் தொடங்கியது. அவள் அமைத்து வைத்தபடி கம்ப்யூட்டர் தானாக எழுந்தது. வயர் சொருகியபடியே இருந்தது. பெட்டி முனகியது.

பதினைந்து.

ஒரு தட்டல். அவள் முகவாயில் ஒரு புள்ளி தோன்றியது. அது நகர்ந்தது. மெல்ல. மேலே. உதட்டின் ஓரத்தை நோக்கி.

முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். மேசை கைக்கெட்டும் தூரம்தான். கை போனது. வயரைப் பிடித்தது.

"குட்சாய். நீ..."

கோடு உதட்டைத் தொட்டது. தூள் உதிர்ந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

அவன் வயரை விட்டான். குனிந்தான். அவள் வாயருகே காதைக் கொண்டுபோய் வைத்தான். காதில் சூடாகத் தூள் விழுந்தது.

மூன்று முறை தட்டியது. நின்றது. மறுபடியும் மூன்று.